கடகடத்த மூன்று பெட்டிகள்

பம்பரம் ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது காலை ஆட்டுவாள். பல் தேய்த்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவாள். தூங்கும்போதுகூடத் தலையணை ஒரு மூலையில் கிடக்கும், அவள் இன்னொரு மூலையில் கிடப்பாள், போர்வை தரையில் கிடக்கும். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் அழகான பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் பம்பரம்.

ஒன்பது வயது ஆகிறது. கையில் எது கிடைத்தாலும் குலுக்கிப் பார்ப்பாள். பென்சில் டப்பா, மருந்து பாட்டில், பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல், எதையும் விடமாட்டாள்.

"உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாரேன். எதுக்குக் குலுக்குற?" என்று அப்பா கேட்பார்.

"திறந்தா தெரிஞ்சுடுமேப்பா!" என்பாள்.

அவளுடைய அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. ஆனாலும் காலையிலேயே கிளம்பத் தயாராகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் அன்று முக்கியமான வேலை இருந்தது.

அறைக்குள் "புர்ர்ர்" என்று சத்தம் கேட்டது. தம்பி அப்பாவின் மடியில் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தான். நான்கு வயது தம்பிக்கு அடிக்கடி மூச்சு வாங்கும். அப்போதெல்லாம் நெபுலைசர் வைப்பார்கள். ஒரு சின்ன மெஷின், ஒரு குழாய், மருந்து ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம், அதற்கு மேல் மாஸ்க். தம்பிக்கு அது 'புர்ர் மெஷின்'.

புது மாஸ்க் பாக்கெட் வாங்கி வந்தால், பிரிப்பதற்கு முன் தம்பி அதைக் குலுக்கிக் குலுக்கி ஆடுவான். உள்ளே இருக்கும் மருந்துக் கிண்ணம் கடகடவென்று சத்தம் போடும். அக்காவிடம் கற்றுக்கொண்ட பழக்கம்தான், வேறென்ன.

மெஷின் ஓடும் பத்து நிமிடமும் பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளாது. கதவு வரை போவாள், திரும்பி வருவாள். ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவது எப்போது சரியாகும் என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நீயும் என்கூட வா. உன்னை வீட்டுல விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வரும்போது வீடு இருக்காது," என்றார் அம்மா.

பம்பரம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

*

கிடங்கு தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு பக்கம் சக்கர நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றன. இன்னொரு பக்கம் ஊன்றுகோல்கள் கட்டுக்கட்டாகச் சாய்ந்திருந்தன. நடுவில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள்.

முதல்முறை வந்தபோது பம்பரம், "இதெல்லாம் வேண்டாம்னு தூக்கிப் போட்டதாம்மா?" என்று கேட்டிருந்தாள்.

"வேண்டாதது இல்ல, மிச்சம். ஒரு ஆஸ்பத்திரியில நூறு வாங்கி எழுபதுதான் செலவாகும். இன்னொண்ணுல புது மாதிரி மெஷின் வந்துடும், பழசு நல்லா ஓடிட்டே மூலையில கிடக்கும். பிரிக்காத பாக்கெட்கூடக் குப்பைக்குப் போயிடும். அதையெல்லாம் இங்க சேர்த்து, எதுவுமே கிடைக்காத நாடுகளுக்குக் கப்பல்ல அனுப்புறோம்," என்று அம்மா சொல்லியிருந்தார்.

கிடங்கின் பொறுப்பாளரை எல்லோரும் 'சார்' என்று கூப்பிடுவார்கள். பம்பரம் மட்டும் 'லேபிள் மாமா' என்பாள். அவர் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு லேபிள் ஒட்டிவிடுவார். மேஜையில் 'மேஜை'. குடையில் 'குடை. என்னுடையது'. அவருடைய டிபன் பாக்ஸில் 'மதிய உணவு. ஒரு மணிக்குத் திறக்கவும்' என்று இருக்கும். ஒரு மணி அடிக்கும் வரை அவரும் திறக்கமாட்டார்.

சுவரில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஏழு விதிகள் தொங்கின. முதல் விதி: ஒரே மாதிரிப் பொருள்கள் ஒரே பெட்டியில். நான்காம் விதி: பெட்டிகளைக் குலுக்கக் கூடாது. அது பம்பரம் வந்த பிறகு சேர்ந்த விதி. ஐந்தாம் விதி: டேப் ஒட்டிய பெட்டியைத் திறக்கக் கூடாது. ஏழாம் விதி: மேற்கண்ட ஆறையும் மறக்கக் கூடாது.

விதிகளுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் இருந்தது. கடல் தாண்டி, மலை மேல் இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையின் நர்ஸ் எழுதியது. எல்லோருக்கும் புரியட்டும் என்று அம்மா அதை நம் மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்.

'மழைக்காலம் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் வந்துவிடும். எங்களிடம் ஒரே ஒரு நெபுலைசர் இருக்கிறது. இருப்பது இரண்டு மாஸ்க். கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு முறை வருவதற்குள் இருட்டிவிடுகிறது.'

பம்பரம் இந்தக் கடிதத்தை நிறையத் தடவை படித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிப் பிள்ளைக்குத் தம்பியின் முகம்தான் வந்தது.

"வந்துட்டியா? இதுதான் உன் இடம்," என்றார் லேபிள் மாமா.

அவர் காட்டிய ஸ்டூலில் ஒரு லேபிள் இருந்தது. 'பம்பரம். அசையக் கூடாது.'

"ஸ்டூல் அசையக் கூடாதா மாமா, நானா?"

"ரெண்டும்தான்."

*

சாயங்காலம் நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். துறைமுகத்தில் ஆறு மணிக்குக் கதவை மூடிவிடுவார்களாம். அதனால் எல்லோரும் பரபரவென்று இருந்தார்கள்.

அம்மா உள் அறையில் மருந்துகளின் தேதி முடிந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். வாசலில் டிரைவர் அண்ணன் கனமான பெட்டிகளை அடியிலும் லேசான பெட்டிகளை மேலேயும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பம்பரத்துக்குக் கொடுத்த வேலை ஸ்டிக்கர் உரித்துக் கொடுப்பது. நீல ஸ்டிக்கர் பெட்டிகள் அந்த நாட்டின் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டிகள் மலை மருத்துவமனைக்குப் போகும். நகரத்திலிருந்து மலைக்கு இரண்டு நாள் பயணம்.

பத்து ஸ்டிக்கர் உரித்தாள். இருபது உரித்தாள். கால் ஆட ஆரம்பித்தது. முப்பதாவது ஸ்டிக்கரைத் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை. லேபிள் மாமா அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாக இறங்கி டேப் அக்காவிடம் போனாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"கடைசி மெஷின் பெட்டி. புதன்கிழமைதான் வந்துச்சு. பன்னிரண்டு நெபுலைசர், எல்லாம் மஞ்சள். ரெண்டு பெட்டி ஒட்டியாச்சு. இதோ, இதையும் ஒட்டிட்டா முடிஞ்சுது."

அந்த மலைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு புர்ர் மெஷின்! பம்பரம் குதித்தாள். பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நான்கு மெஷின்கள், நான்கு வயர்கள், அவை ஆடாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கிய காகிதம். வேறு எதுவும் இல்லை.

"மாஸ்க் எங்கக்கா? கிண்ணம், குழாய்?"

"வெறும் மெஷின்தான் குடுத்தாங்க. மாஸ்க் எல்லாம்தான் போன வாரமே நீ பிரிச்சு வச்சுட்டியே. ஒன்பது பெட்டி. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மலை மாதிரி மாஸ்க் பாக்கெட்டுகள் வந்திருந்தன. பெரும்பாலானவை ஆக்சிஜன் மாஸ்க். நடுநடுவே கிண்ணம் வைத்த நெபுலைசர் மாஸ்க்கும் இருந்தது. 'இது தம்பியோடது மாதிரி இருக்கே' என்று அப்போதே பார்த்தாள். ஆனால் முதல் விதி என்ன சொல்கிறது? ஒரே மாதிரிப் பொருள்கள் ஒரே பெட்டியில். மாஸ்க் என்றால் மாஸ்க்தானே. எல்லாவற்றையும் விறுவிறுவென்று பெட்டிகளில் போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாள். "கெட்டிக்காரி!" என்று டேப் அக்கா பாராட்டினாள்.

"அந்த ஒன்பது பெட்டிக்கும் என்ன ஸ்டிக்கர்?" என்று பம்பரம் கேட்டாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீலம். நகரத்து ஆஸ்பத்திரியிலதான் ஆக்சிஜன் மாஸ்க் கேட்டிருந்தாங்க."

பம்பரம் மறுபடியும் மெஷின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

மெஷின்கள் மலைக்குப் போகும். அதற்கான மாஸ்க்குகள் நகரத்துக்குப் போகும். மலையில் பன்னிரண்டு மெஷின்களும் புர்ர் என்று ஓடும், ஆனால் பிள்ளைகளின் மூக்கில் வைக்க ஒன்றும் இருக்காது. கடைசிப் பிள்ளை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

எல்லா மாஸ்க்கையும் ஒன்றாகப் போட்டது அவள்தான்.

*

உள் அறைக்கு ஓடினாள். "அம்மா! அம்மா, அந்த மாஸ்க்..."

"இரு, இரு. எந்த வரியில இருந்தேன்னு மறந்துடும். அப்புறம் சொல்லு."

"அப்புறம் லாரி போயிடும்மா!"

"அதனாலதான் அவசரமாப் பார்த்துட்டு இருக்கேன். போ கண்ணு, அஞ்சு நிமிஷம்."

அம்மாவின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று பம்பரத்துக்குத் தெரியும். வெளியே ஓடிவந்தாள். லேபிள் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மெல்லப் பேசு. மாஸ்க் மாஸ்க்கோட இருக்கு. மெஷின் மெஷினோட இருக்கு. இதுல என்ன தப்பு? மெஷின் நல்லா ஓடுது, நானே போட்டுப் பார்த்தேன்," என்றார் அவர்.

"ஓடும் மாமா. வாங்க, இப்பப் போட்டுப் பாருங்க."

இழுத்துக்கொண்டு போய் ஒரு மெஷினை வெளியே எடுத்து வயரைச் செருகினாள். புர்ர்ர்!

"பார்த்தியா? ஓடுதே!"

"சரி, உங்களுக்கு மூச்சு வாங்குது. இந்தாங்க மருந்து," என்று அவருடைய மார்க்கர் பேனாவின் மூடியை நீட்டினாள் பம்பரம். "எங்க ஊத்துவீங்க? எதை மூக்குல வைப்பீங்க?"

லேபிள் மாமா மெஷினை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். காற்று வரும் ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தார். மீசை பறந்தது. டேப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "மாஸ்க் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

டேப் அக்கா தரையைப் பார்த்தாள். பம்பரத்துக்குக் காது சூடாகிவிட்டது. சொன்னால் இனிமேல் கிடங்குப் பக்கமே வராதே என்று சொல்லிவிடுவாரோ?

"நான்தான்," என்றாள்.

"ம். விதி போட்டது நான்தானே," என்றார் லேபிள் மாமா. பிறகு கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மணி மூணு. ஒன்பது பெட்டியையும் பிரிச்சு, ஒவ்வொரு பாக்கெட்டாத் தேடி, திரும்ப அடுக்கி, ஒட்டி... விடிஞ்சுடும். அஞ்சு பெட்டி லாரியிலயே ஏறிடுச்சு. வேற வழியில்ல பாப்பா. மாஸ்க்கை அடுத்த லாரியில அனுப்பிடலாம்."

"அடுத்த லாரி எப்ப மாமா?"

"ஆறு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள மழைக்காலம் முடிஞ்சுடுமே!"

அவர் சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். பம்பரம் கிடங்குக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. போகிற போக்கில் ஓர் ஊன்றுகோலைத் தட்டினாள். ஒரு பெட்டியை எடுத்துக் குலுக்கினாள்.

"நாலாம் விதி!" என்று லேபிள் மாமா கத்தினார்.

பம்பரம் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி கையிலேயே இருந்தது.

"மாமா! எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டாம்!" என்று அவளும் கத்தினாள். "குலுக்கினாப் போதும்! ஆக்சிஜன் மாஸ்க் சத்தம் போடாது. நெபுலைசர் மாஸ்க்ல கிண்ணம் இருக்கு, அது கடகடங்கும். புதுப் பாக்கெட் வந்தா என் தம்பி குலுக்கிட்டே இருப்பான். எனக்கு நல்லாத் தெரியும்!"

"அட்டைப்பெட்டிக்கு வெளிய இருந்து உனக்கு எப்படிக் கேட்கும்?"

"சோதிச்சுப் பாருங்க. நான் கண்ணை மூடிக்கறேன். நீங்களே எதையாவது குடுங்க. உடையாததாக் குடுங்க."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்களை இறுக மூடிக்கொண்டாள். லேபிள் மாமா சத்தமில்லாமல் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"சத்தமே இல்ல. ஆனா பொத்துனு ஒரு பக்கமா நகருது. கட்டுத் துணி!"

சரி. இரண்டாவது பெட்டி.

"உள்ள சின்னச் சின்ன டப்பா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்குது. கையுறை!"

அதுவும் சரி. மூன்றாவது ஒன்று வந்தது. சின்னது, குளிர்ச்சியானது. பம்பரம் காதோடு வைத்துக் குலுக்கினாள்.

"ஒரு ஸ்பூன். ஒரு குட்டி மூடி. வேற ஒண்ணும் இல்ல. மாமா, இது உங்க டிபன் பாக்ஸ். நீங்க சாப்பிட்டாச்சு!"

டேப் அக்கா இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. லேபிள் மாமாவுக்கும் மீசைக்கு அடியில் சிரிப்பு வந்துவிட்டது.

"டிரைவர் தம்பி! மாஸ்க் பெட்டி அஞ்சையும் இறக்கு!" என்று குரல் கொடுத்தார்.

"என்ன சார், இப்பத்தானே ஏத்தினேன்!" என்று புலம்பிக்கொண்டே டிரைவர் அண்ணன் இறக்கினார். நல்ல வேளை, லேசான பெட்டிகள் என்பதால் எல்லாம் மேலேயே இருந்தன.

*

ஒன்பது பெட்டிகளும் தரையில் வரிசையாக நின்றன. பம்பரம் முதல் பெட்டியைத் தூக்கினாள். அவள் உயரத்துக்குப் பாதி இருந்தது, ஆனால் கனமே இல்லை. குலுக்கினாள்.

எதுவும் சரியாகக் கேட்கவில்லை. மேலே பெரிய மின்விசிறி தடதடத்தது. வாசலில் லாரி இன்ஜின் ஓடியது. டிரைவர் அண்ணன் விசில் அடித்தார். டேப் அக்கா டேப்பைச் சர்ரென்று இழுத்தாள். லேபிள் மாமா பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் அம்மா வேறு, "என்ன நடக்குது இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் ஆடாம அசையாம சும்மா இருங்களேன்!" என்றாள் பம்பரம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொல்வது யார் என்று அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. டிரைவர் அண்ணன் போய் இன்ஜினை அணைத்தார். டேப் அக்கா விசிறியை நிறுத்தினாள். லேபிள் மாமா பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் பெட்டி: சரசர. அவ்வளவுதான்.

இரண்டாவது: சரசர.

மூன்றாவது: கடகட! கடகட!

"இது!"

நான்கு இல்லை. ஐந்தும் இல்லை. ஆறாவதில் கடகட. ஏழு, எட்டு இல்லை. ஒன்பதாவதைக் குலுக்கும்போது பம்பரத்துக்குக் கை வலித்தது. கடகட!

"மூணு பெட்டி. மூணுதான்!"

லேபிள் மாமா கத்தியை எடுத்தார். டேப் ஒட்டிய பெட்டியைத் தன் கையாலேயே கிழித்தார். உள்ளே ஆக்சிஜன் மாஸ்க்குகளுக்கு நடுவே கிண்ணம், குழாயோடு நெபுலைசர் மாஸ்க் பாக்கெட்டுகள் பளபளவென்று இருந்தன.

அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. "நான் ஒரு நர்ஸ். வீட்டுல அடிக்கடி இதை வைக்கிறேன். எனக்கே தோணலையே!" என்றார். பிறகு பம்பரத்தின் தலையில் கைவைத்து, "நீ சொல்ல வந்தப்பக் கேட்டிருக்கணும்," என்றார்.

"பரவாயில்லம்மா. இப்பச் சீக்கிரம்!"

மூன்று பெட்டிகளிலும் சேர்த்து அறுபது பாக்கெட்டுகள் கிடைத்தன. ஆனால் மெஷின் பெட்டிகளில் இடம் எங்கே இருக்கிறது? டேப் அக்கா விழித்தாள்.

"காகிதத்தை எடுத்துடலாம்கா. அதுக்குப் பதிலா இந்தப் பாக்கெட்டையே மெஷினைச் சுத்தி அடைச்சா ஆடாது," என்றாள் பம்பரம்.

மெஷின் பெட்டிகளையும் திறந்தார்கள். கசங்கிய காகிதம் எல்லாம் வெளியே பறந்தது. பெட்டிக்கு இருபது பாக்கெட். அம்மா அடுக்கினார், டேப் அக்கா ஒட்டினாள், பம்பரம் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். இந்த முறை யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று லேபிள் மாமா எழுதி வைத்த பட்டியலைத் திருத்த வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் ஒரு பட்டியலிலும் ஓர் அடித்தல் திருத்தல் போட்டதில்லை. பேனாவை எடுத்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். நேராக ஒரு கோடு கிழித்து, மேலே முத்து முத்தாக எழுதினார்: 'நெபுலைசர் 12. மாஸ்க், கிண்ணம், குழாயுடன்.'

லாரி கிளம்பும்போது மணி நாலு பத்து.

"பத்து நிமிஷம்தானே! நான் பிடிச்சுடுவேன்!" என்று கத்திக்கொண்டே டிரைவர் அண்ணன் போனார்.

அடுத்த வாரம் பம்பரம் வந்தபோது சுவரில் முதல் விதி மாறியிருந்தது. 'ஒரே மாதிரிப் பொருள்கள் ஒரே பெட்டியில். ஒன்றுக்கு ஒன்று துணையான பொருள்களும் ஒரே பெட்டியில்.' நான்காம் விதிக்குக் கீழேயும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'பம்பரம் மட்டும் குலுக்கலாம்.'

*

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"கப்பல் இப்ப எங்கம்மா இருக்கும்?" என்று காலையில் கேட்பாள்.

"கடல்லதான்."

"இப்ப?" என்று சாயங்காலம் கேட்பாள்.

"இன்னும் கடல்லதான்டி!"

ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. வானொலியில் எங்கேயாவது மழை என்றால் பம்பரம் ஓடிவந்து நிற்பாள். வரைபடத்தில் அந்த மலையைத் தேடித் தேடி அந்த இடத்தில் தாளே தேய்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிடங்குக்குள் நுழைந்ததும் லேபிள் மாமா கையில் போனோடு நின்றார். "வா, வா. குரல் செய்தி வந்திருக்கு. நீ வந்ததும் கேட்கலாம்னு வச்சிருக்கேன்."

அம்மாவும் டேப் அக்காவும் பக்கத்தில் வந்தார்கள். பம்பரம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். லேபிள் மாமா போனை நடுவில் வைத்து அழுத்தினார்.

ஒரு பெண் குரல் பேசியது. அந்த நர்ஸ்தான். அவர் பேசிய மொழி பம்பரத்துக்குப் புரியவில்லை. பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் கேட்டது. அந்த மழைக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது.

புர்ர்ர்.

"மெஷின் ஓடுது," என்றாள் பம்பரம் மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு இல்ல. நாலு... அஞ்சு. அஞ்சு மெஷின் ஒண்ணா ஓடுது மாமா."

"பெஞ்சு காலியா இருக்காம்," என்று அம்மா நர்ஸ் பேசியதைச் சொன்னார். "வரிசையே இல்லையாம்."

பம்பரத்தின் கால் ஆடவில்லை. கை ஸ்டூலைத் தட்டவில்லை. தம்பிக்கு மூச்சு சரியாகிச் சிரிக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு.

செய்தி முடியப் போகும் நேரத்தில் போனுக்கு மிகப் பக்கத்தில் வேறு ஏதோ கேட்டது. கடகட. கடகட. கூடவே ஒரு குழந்தையின் சிரிப்பு.

பம்பரம் கண்ணைத் திறந்தாள். "மாமா! யாரோ ஒரு வாண்டு பாக்கெட்டைக் குலுக்குது!"

லேபிள் மாமா மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"குலுக்கட்டும். நல்லாக் குலுக்கட்டும்," என்றார்.